தாவர ஆராய்ச்சி மேதை ஜகதீச சந்திர போஸ்

நம் இல்லங்களில் கிழங்கு வகைகளை விலக்குவது பற்றியோ, பசும்புல்லின் மேல் நடவாமை பற்றியோ பேச்சு எழும்போதெல்லாம், படித்த இளைஞர் எவரேனும் ஒருவர் ஜகதீச சந்திர போஸின் பெயரை எடுத்துரைப்பது வழக்கமாகிவிட்டது. மரஞ்செடிகளுக்கு உயிருண்டு என்று கண்டறிந்தவர் அவரே என்பர். மேடைகளிலும் இவ்வாறு கூறக் கேட்டிருக்கிறோம். ஆயின் அப்பெரியார் எந்த ஊரினர், எவ்வாறு வாழ்ந்தார், உண்மையில் எதைக் கண்டார், எங்கே தவறினார் என்று வினவினால் விடை கூறவல்லார் நம்முள் மிகச் சிலரே. அதனால் அவர்தம் வரலாற்றை ஓரளவு விரிவாகவே ஈண்டு எழுத முற்பட்டோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுதல் நலம். தாவரங்களுக்கு உயிர் உண்டு என்பதை எவரும் போஸிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை. தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர்களாக வகுத்துச் சென்றுள்ளார். நம் ஆகமங்கள் அவற்றை ஏகேந்திரிய ஜீவன்கள் என்கின்றன. ஐரோப்பிய விஞ்ஞானிகளும் செடியை உயிரற்ற பொருள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. போஸ் கண்டது இதனினும் நுட்பமான ஒன்று. தீண்டினாலும், சுட்டாலும், நஞ்சூட்டினாலும் செடி அதற்கு மறுமொழி தருகிறது என்பதையும், அம்மறுமொழி விலங்கின் தசையிலும் நரம்பிலும் எழுவதைப் போன்றே மின்துடிப்பாக வெளிப்படுகிறது என்பதையும் அவர் கருவிகளைக் கொண்டு அளந்து காட்டினார். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மறந்தால் அவர் பட்ட பாட்டின் அருமை நமக்கு விளங்காது.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்கதேசம் எனப்படும் கிழக்கு வங்காளத்து மைமன்சிங்கில் பிறந்தார். முன்னோர் ஊர் விக்ரமபுரத்தைச் சார்ந்த ராரிகால் என்னும் சிற்றூர். தந்தையார் பகவான் சந்திர போஸ் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். பரீத்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். இவரைப் பற்றிய செய்தி ஒன்று நம் நெஞ்சை விட்டு அகலாதது. இவரால் தண்டிக்கப்பெற்றுச் சிறை சென்ற கொள்ளைக்காரன் ஒருவன், தண்டனை முடிந்து வந்து பிழைக்க வழியில்லை என்று இவரிடமே நின்றான். இவர் அவனைத் தம் வீட்டிலேயே வேலைக்கு அமர்த்தினார். சிறுவன் ஜகதீசனைத் தோளிற் சுமந்து பள்ளிக்குக் கொண்டு செல்வதே அவனுக்கு இடப்பட்ட பணி. தண்டனை விதித்த கையே தன் மகனை அவனிடம் ஒப்படைத்தது. அவனும் அந்த நம்பிக்கைக்குப் பழுது வராமல் நடந்துகொண்டான்.

அக்காலத்து அரசு அலுவலர்கள் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ மகனை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். தாய்மொழியை அறிந்து, தன் நாட்டு மக்களை அறிந்த பின்னரே பிறமொழி கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்பள்ளியில் ஜகதீசனுக்கு ஒரு பக்கம் தந்தையின் ஏவலாளராகிய இசுலாமியரின் மகனும், மறுபக்கம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். அவர்கள் சொன்ன பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்களின் கதைகளே இயற்கையின்பால் தமக்கு ஆர்வத்தை ஊட்டின என்று பின்னாளில் அவர் நினைவு கூர்ந்தார். பள்ளி விட்டுத் தோழர்களை அழைத்து வந்தால், ஆசாரம் மிக்க தாயார் வேறுபாடின்றி அனைவருக்கும் உணவளிப்பாராம்.

பின்னர்க் கல்கத்தா சென்று ஹேர் பள்ளியிலும் புனித சேவியர் பள்ளியிலும் பயின்றார். புனித சேவியர் கல்லூரியில் லாபோன் பாதிரியார் செய்து காட்டிய பௌதிகச் சோதனைகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. 1879இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்நாளில் தந்தையார் மக்களுக்குத் தொழில் பயிற்றும் நோக்குடன் தொடங்கிய முயற்சிகள் நட்டமடைந்து பெருங்கடன் சேர்ந்திருந்தது. எனினும் 1880இல் மகனை மருத்துவம் பயில இலண்டனுக்கு அனுப்பினர்.

இளமையில் போஸ் வேட்டையில் விருப்பமுடையவர் என்பதை மறைப்பதற்கில்லை. இங்கிலாந்து செல்லுமுன் அஸ்ஸாம் காட்டில் வேட்டைக்குச் சென்றபோதுதான் கொடிய காய்ச்சல் ஒன்று அவரைப் பற்றியது. அது இலண்டனிலும் விட்டபாடில்லை. பிணங்களை அறுத்துக் கற்கும் கூடத்தின் நாற்றம் அதனை மேலும் மிகுவித்தது. மருத்துவக் கல்வியைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் பயிலச் சேர்ந்தார். ஒலி, ஒளி ஆராய்ச்சியில் பெயர்பெற்ற ரேலீ பிரபு, உடலியல் வல்லுநர் மைக்கேல் பாஸ்டர், தாவரவியலார் பிரான்சிஸ் டார்வின், சிட்னி வைன்ஸ் ஆகியோர் அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தனர். பௌதிகமும் தாவரவியலும் ஒருவரிடத்தே கலந்தது இக்காலத்தில்தான். பின்னாளில் அவர் செய்த அனைத்திற்கும் இதுவே வித்து என்பது எம் கருத்து. 1884இல் கேம்பிரிட்ஜ், இலண்டன் ஆகிய இரு பல்கலைக்கழகப் பட்டங்களுடன் புறப்பட்டுத் தாயகம் திரும்பினார்.

1885இல் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் பணி கிடைத்தது. இந்தியர்க்கு விஞ்ஞானம் கற்பிக்கும் தகுதி கிடையாது என்று கல்வித்துறையின் வெள்ளைய அதிகாரிகள் எண்ணிய காலம் அது. வைசிராய் ரிப்பன் பிரபுவின் பரிந்துரை இருந்தும் அரைமனத்துடனேயே நியமனம் செய்தனர். ஐரோப்பியப் பேராசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு. பணி தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. ஆக, ஒரே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு கூலி.

போஸ் வழக்குத் தொடுக்கவில்லை, வேலையையும் விடவில்லை. நாள் தவறாமல் வகுப்பெடுத்தார். திங்கள்தோறும் ஊதியத்தைப் பெற மறுத்தார். மூன்றாண்டுகள் இவ்வாறு நிகழ்ந்தது. வீட்டிலோ தந்தையின் கடன். 1887இல் திருமணமும் ஆயிற்று. கல்கத்தாவில் வாடகை கொடுக்க இயலாமல் தம்பதியர் ஹூக்ளி ஆற்றின் கரையிலுள்ள சந்திரநாகூரில் குடியிருந்தனர். ஆற்றைக் கடந்து சென்றுதான் புகைவண்டி ஏற வேண்டும். கணவர் படகை வலித்து அக்கரை சேர்ந்து இறங்கிக் கொள்வார். துணைவியார் தனியே படகை வலித்துக்கொண்டு வீடு திரும்புவார். இறுதியில் அதிகாரிகளே இறங்கி வந்தனர். பணி நிலையாக்கப்பட்டது, மூன்றாண்டுக்கும் உரிய முழு ஊதியமும் ஒருங்கே வழங்கப்பட்டது. அத்தொகை தந்தையின் கடனுக்குச் சென்றது.

படகு வலித்த அந்த அம்மையார் அபலா தாஸ் நம் சென்னையோடு தொடர்புடையவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரி அன்று பெண்களைச் சேர்த்துக் கொள்ளாமையால், 1882இல் வங்காள அரசின் உதவித் தொகை பெற்றுச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயில வந்தவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாமல் திரும்பினார். இவர்களுக்குப் பிறந்த குழந்தை சிறு பருவத்திலேயே மறைந்தது. அதன்பின் கணவரின் ஆராய்ச்சியும் பெண்கல்வியுமே அவ்வம்மையாரின் வாழ்வாயின.

1894ஆம் ஆண்டு தம் பிறந்த நாளன்று, இனி வாழ்நாளைப் புத்தறிவு தேடுவதிலேயே செலவிடுவது என்று போஸ் உறுதி பூண்டார். கல்லூரியில் ஆராய்ச்சிக் கூடம் என ஒன்றில்லை. குளியலறையை ஒட்டிய ஒரு சிறு அறையும், எழுத்தறியாத தகரக் கொல்லர் ஒருவரின் கைத்திறனுமே துணை. அங்கிருந்துகொண்டே ஐந்து மில்லிமீட்டர் அளவிலான மிகக் குறுகிய மின்காந்த அலைகளை உண்டாக்கினார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் பலரும் காண, கம்பி ஏதுமின்றிச் சுவரை ஊடுருவிச் சென்ற அலையால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தைப் பற்ற வைத்தார். 1897 சனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உரையாற்ற அழைக்கப்பட்டார். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த செய்தியைப் பெறப் பயன்படுத்திய வாங்கி, போஸ் 1899இல் வெளியிட்ட அமைப்பிலிருந்து தோன்றியதே என்று 1998இல் ஆய்வாளர் ஒருவர் சான்றுகளுடன் எழுதினார். இதனைப் பற்றி எழுதப் புகுந்தால் தனிக் கட்டுரையாகும். போஸோ இதனால் பொருளீட்ட விரும்பவில்லை. தந்திக் கம்பெனி ஒன்றின் உரிமையாளர் தேடிவந்து இலாபத்தில் பங்கு தருவதாகக் கூறியும் மறுத்துவிட்டார். அமெரிக்காவில் ஒரேயொரு காப்புரிமை 1904இல் அவர் பெயரில் பதிவானது. அதுவும் நண்பர்கள் வற்புறுத்தியதால்.

மின்னலை வாங்கியிலிருந்து செடிக்கு அவர் எவ்வாறு வந்தார்? இந்த இடமே அவர் வரலாற்றின் திருப்பம். அவருடைய வாங்கி தொடர்ந்து வேலை செய்தால் மந்தமடைந்தது. சற்று ஓய்வு கொடுத்தால் பழைய கூர்மையைத் திரும்பப் பெற்றது. உலோகத்துக்கும் களைப்பா என்று அவர் வியந்தார். அதன் ஏற்ற இறக்கத்தை வரைந்து பார்த்தபோது, களைத்த தசையின் வரைபடத்தை அது பெரிதும் ஒத்திருந்தது. தசை ஒரு முனை, உலோகம் மறுமுனை எனில், இடையில் நிற்கும் செடி என்னவாகும்? தோட்டத்து இலைகளைப் பறித்து வந்து சோதித்தார். அவையும் அவ்வாறே மறுமொழி தந்தன. 1900இல் பாரிஸ் நகரில் கூடிய பௌதிக மாநாட்டில் இக்கருத்தை வெளியிட்டார்.

1901 சூன் திங்களில் இலண்டன் ராயல் சொசைட்டியில் அவர் கட்டுரை படித்தபோது எதிர்ப்பு எழுந்தது. உடலியலில் அந்நாளில் தலைமை சான்றவரான பர்டன் சாண்டர்சன், சாதாரணச் செடியிடமிருந்து மின்மறுமொழி பெறுதல் இயலாது என்றார். பௌதிக அறிஞர் ஒருவர் தம் எல்லையை மீறி உடலியலில் நுழைந்துவிட்டார் என்ற மனக்குறையும் அதில் இருந்தது. கட்டுரைத் தலைப்பிலுள்ள மறுமொழி என்னும் சொல்லை மாற்றிப் பௌதிக எதிர்வினை என்று போடுமாறு கூறினர். போஸ் இசையவில்லை. கட்டுரை அச்சேறாமல் ஆவணக் காப்பில் உறங்கியது. இதற்குள், அச்செய்திகளை அறிந்திருந்த வேறொருவர் இதையொத்த முடிவுகளைத் தம்முடையனவாக வெளியிட்டார். நல்லூழாகப் போஸின் பழைய ஆசிரியர் வைன்ஸ் முதலானோர் துணை நின்றமையால், 1902இல் லின்னேயன் சங்கம் அவர் கட்டுரையை ஏற்று வெளியிட்டது. முதன்மை அவருக்கே என்பதும் நிலைநாட்டப்பட்டது. அவ்வாண்டே உயிருள்ளவற்றிலும் உயிரற்றவற்றிலும் காணும் மறுமொழி பற்றிய அவரது நூலும் வெளிவந்தது. அந்நாட்களில் அயல்நாட்டில் பணமுடையால் ஆராய்ச்சி நின்றுபோகும் நிலை வந்தபோது, நண்பர் இரவீந்திரநாத தாகூரின் முயற்சியால் திரிபுரா மன்னர் பொருளுதவி செய்தார். நிவேதிதா அம்மையார் அவருடைய நூல்களின் ஆங்கிலத்தைச் செப்பனிட்டுத் தந்தார்.

அதன் பின்னர் முப்பதாண்டுகள் செடிகளே அவருடைய உலகம். அவர் மிகுதியும் ஆராய்ந்தவை இரண்டு. ஒன்று, நம் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரையிலும் பிள்ளைகள் விரல் வைத்து விளையாடும் தொட்டாற்சுருங்கி. மற்றொன்று, எவரும் தீண்டாமலே பக்கச் சிற்றிலைகள் தாமே எழுந்து தாழ்ந்து ஆடும் தொழுகண்ணி. சித்த மருத்துவர் குடும்பங்களில் வந்த நம் வாசகர்கள் இப்பெயரை அறிந்திருப்பர்.

தொட்டாற்சுருங்கியின் இலைத் தொகுதியில் ஒரு முனையைத் தீண்டினால், சுருக்கம் அங்கிருந்து படிப்படியாகக் காம்பின் அடிக்குப் பரவக் காண்கிறோம். அச்செய்தியைச் சுமந்து செல்வது எது? காம்பினுள் இருக்கும் நீரின் அழுத்தம் அசைவதே காரணம் என்று ஜெர்மானியத் தாவரவியலார் கூறி வந்தனர். போஸ் இதனைச் சோதித்த முறை எளியது. நீர் அழுத்தமே காரணமானால், காம்பின் நடுவில் ஓரிடத்தைக் குளிரச் செய்வதாலோ, அங்கு மயக்க மருந்தைத் தடவுவதாலோ செய்தி நின்றுபோகக் கூடாது. குழாயில் ஓடும் நீருக்கு மயக்கம் ஏது? ஆனால் செய்தி நின்றது. குளிர் நீங்கியதும், மருந்தின் வேகம் தணிந்ததும் மீண்டும் சென்றது. அது செல்லும் விரைவையும் அளந்தார். நொடிக்கு ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் வரை இருந்தது. தவளையின் நரம்போடு ஒப்பிட்டால் இது மிக மெதுவே. ஆயினும் உயிருள்ள திசுவின் வழியே ஒரு கிளர்ச்சி செல்கிறது என்பது தெளிவாயிற்று.

தொழுகண்ணியின் சிற்றிலை ஆட்டத்தை அவர் விலங்கின் இதயத் துடிப்போடு ஒப்பிட்டார். ஈதர் ஆவி பட்டால் அது நின்றது. தூய காற்று வந்ததும் தொடர்ந்தது. சில நஞ்சுகள் அதனை விரைவுபடுத்தின. சில அறவே நிறுத்தின. செடியைச் சிறுகச் சிறுகச் சூடேற்றிச் சென்றபோது, ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு கடுந்துடிப்பு எழுந்து, பின் எதுவும் எழவில்லை. அதுவே அச்செடியின் இறப்பு. இச்சோதனைகளைப் படிக்கும்போது நம் போன்றோர் உள்ளம் சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. ஓரறிவுயிரின் துடிப்பை உலகறியச் செய்தவர், அதனைச் சுட்டும் நஞ்சூட்டியும் அறுத்துமே அதனை அறிந்தார் என்பதை இங்குச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இவற்றையெல்லாம் பதிவு செய்யக் கருவிகள் வேண்டும். வலுவற்ற ஓர் இலைக்காம்பு எழுதுகோலை இழுத்துச் செல்ல இயலாது. தாளில் உராய்ந்தாலே அசைவு அடங்கிவிடும். போஸ் புகைக்கரி படிந்த கண்ணாடித் தகட்டை வைத்து, அதன்மேல் எழுதுமுனை உராயாமல், துடித்துத் துடித்துப் புள்ளியிடுமாறு அமைத்தார். புள்ளிகளை எண்ணினால் காலமும் தெரியும். வரிசையைப் பார்த்தால் அசைவும் தெரியும். அடுத்து அவர் செய்தது கிரெஸ்கோகிராப் என்னும் வளர்ச்சி அளவி. செடி வளர்வது நொடிக்கு ஓர் அங்குலத்தின் இலட்சத்தில் ஒரு பங்கு அளவே என்பர். நெம்புகோல்களை இணைத்து இதனைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டினார். பின்னர்க் காந்தத்தைக் கொண்டு பத்து இலட்சம் மடங்கிற்கும் மேல் பெருக்கினார். உரமிட்டால் வளர்ச்சி விரைவதையும், தட்டினால் சற்றுத் தடைப்படுவதையும் சில நிமிடங்களில் காண முடிந்தது. அக்கருவிகள் அனைத்தும் இந்தியத் தொழிலாளர் கைகளால் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை.

பரீத்பூரின் தொழும் பேரீச்சமரத்தைப் பற்றியும் கூறவேண்டும். அம்மரம் மாலையில் கோயில் மணி ஒலிக்கும் நேரம் தலை தாழ்த்தித் தழை நிலத்தைத் தொட வணங்கும். காலையில் மீண்டும் நிமிரும். கேட்ட மக்கள் திரண்டனர். காணிக்கைகள் குவிந்தன, நோய் தீர்ந்தது என்போரும் இருந்தனர். போஸ் அதனைக் கேலி செய்யவில்லை. கருவியைப் பூட்டி அளக்க விரும்பினார். மரத்தின் உரிமையாளர் அஞ்சினார். அயல்நாட்டு யந்திரம் பட்டால் மரத்தின் புனிதம் கெடும் என்பது அவர் கவலை. கருவி நம் நாட்டிலேயே செய்யப்பட்டது என்றும், அதனைப் பூட்டும் உதவியாளர் ஒரு பூசகரின் மகன் என்றும் எடுத்துரைத்த பின்னரே இசைந்தார். இரவும் பகலும் பதிவு எடுத்துப் பார்த்ததில், மரம் ஒரு கணமும் அசையாது நிற்கவில்லை எனத் தெரிந்தது. வெப்பம் ஏற ஏறத் தாழ்கிறது. வெப்பம் குறையக் குறைய எழுகிறது. மணியோசைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சாய்ந்து வளரும் மரங்கள் பலவற்றிலும் இவ்வசைவு சிறிய அளவில் உண்டு என்று வேறு மரங்களிலும் காட்டினார். ஓராண்டுக்குப் பின் அம்மரம் பட்டுப்போயிற்று என்ற செய்தி வந்தது. அசைவும் அதனுடன் நின்றது. வெயிலால் மரக்கட்டை வளைந்த வெறும் பௌதிக நிகழ்ச்சி அன்று, உயிரின் செயலே என்பதற்கு அச்செய்தியையே அவர் சான்றாகக் கொண்டார். உலக மூடம் தேவ மூடம் என்று நம் நூல்கள் வகுத்துக் கூறுவன நினைவுக்கு வருகின்றன. நம்புவோரையும் புண்படுத்தாமல், உண்மையையும் விட்டுக்கொடுக்காமல் அதனைக் கையாண்ட முறை எமக்கு மிகவும் பிடித்தமானது.

1914இல் தொட்டாற்சுருங்கியையும் தொழுகண்ணியையும் தொட்டிகளில் கப்பலேற்றி ஐரோப்பா சென்றார். வெப்ப நாட்டுச் செடிகளைக் குளிரில் உயிரோடு காப்பதே பெரும்பாடாயிற்று. இலண்டனில் ஒரு வீட்டில் ஆராய்ச்சிக்கூடம் அமைத்துப் பலருக்கும் காட்டினார். புலால் உண்ணாத எழுத்தாளர் பெர்னாட் ஷா அங்கு வந்து, கொதிநீரில் முட்டைக்கோசு துடித்து இறந்ததைக் கருவியில் கண்டு மனம் வருந்தினார் என்று கூறுவர். இதனைக் கொண்டு நம்மைப் பரிகசிப்போரும் உண்டு. காயும் துடிக்கிறது, ஆடும் துடிக்கிறது, பின் என்ன வேறுபாடு என்று கேட்பர். ஓரறிவுக்கும் ஐயறிவுக்கும் இடையே படிகள் உண்டு என்பதை இன்றைய உயிரியலும் மறுக்கவில்லை. செடிக்கு மூளை இல்லை. விலங்கிற்கு உள்ளது போன்ற நரம்பணுவும் இல்லை. மின்துடிப்பு எழுவதனாலேயே அது வலியை உணர்கிறது என்று கொள்வதற்கில்லை.

போஸின் முடிவுகளில் நிலைத்தவை எவை, நில்லாதவை எவை என்பதையும் சொல்ல வேண்டும். வேரிலிருந்து உச்சிக்கு நீர் ஏறுவதற்குத் தண்டினுள்ளே துடிக்கும் அணுவறைகளே காரணம் என்று அவர் 1923இல் நூலெழுதினார். இது ஏற்கப்படவில்லை. இலைகளிலிருந்து நீர் ஆவியாவதால் உண்டாகும் இழுவிசையே நீரை மேலேற்றுகிறது என்பதே நிலைத்த கருத்து. செடியில் உண்மையான நரம்பு உண்டு என்று அவர் அழுத்திச் சொன்னதும் மிகையே. விலங்கோடு ஒப்பிடும் ஆர்வம் சில இடங்களில் அவரை எல்லை கடந்து இட்டுச் சென்றது. காயம்பட்ட தொட்டாற்சுருங்கியில் ஒரு வேதிப்பொருளும் நீர்க்குழல் வழியே செய்தியைக் கடத்துகிறது என்று 1916இல் இத்தாலியரான ரிக்கா காட்டினார். ஆக, ஜெர்மானியர் கருத்திலும் ஓரளவு உண்மை இருந்தது. ஆயினும் செடியினுள் மின்துடிப்பு ஓடுகிறது, அதுவே செய்தியைச் சுமக்கிறது என்னும் அடிப்படை உறுதியாக நின்றுவிட்டது. 2022இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தொட்டாற்சுருங்கியில் கால்சியம் அலையும் மின்துடிப்பும் ஒன்றாகவே ஓடுவதை ஒளிரச் செய்து படமெடுத்தனர். சுருங்க இயலாதவாறு மாற்றிய செடிகளை வெட்டுக்கிளிகள் ஏறத்தாழ இருமடங்கு தின்றதையும் கண்டனர். அந்தச் சுருக்கம் விளையாட்டன்று, தற்காப்பே.

1915இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917இல் சர் பட்டம் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள், தம் ஐம்பத்தொன்பதாம் பிறந்த நாளன்று, தாம் சேர்த்த பொருளையும் நண்பர் உதவியையும் கொண்டு கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தார். தாகூர் அதற்கெனப் பாடல் இயற்றித் தந்தார். வச்சிராயுதம் அதன் சின்னம். அங்குக் காணும் எதற்கும் காப்புரிமை கொள்வதில்லை, அனைத்தும் உலகிற்குப் பொது என்பது அவர் வகுத்த விதி. வாயிலில் விளக்கேந்திய பெண்ணின் உருவம் ஒன்று உண்டு. 1911இல் மறைந்த நிவேதிதா அம்மையாரின் நினைவாக அமைத்தது.

எதிர்ப்பு அப்போதும் ஓயவில்லை. கிரெஸ்கோகிராப் காட்டுவது வளர்ச்சியன்று, வெப்பத்தால் கருவியில் நேரும் மாற்றமே என்று இலண்டன் நாளேட்டில் ஒருவர் எழுதினார். போஸ் 1920 ஏப்ரலில் இலண்டன் பல்கலைக் கல்லூரியில், அறிஞர் குழுவின் முன் கருவியை வைத்தார். பெய்லிஸ், டோன்னன் முதலியோர் தாமே நேரிற் கண்டு, அது செடியின் வளர்ச்சியையே காட்டுகிறது என்று அதே நாளேட்டில் கையொப்பமிட்டு எழுதினர். அடுத்த திங்களில், 1901இல் அவர் கட்டுரையை முடக்கிய அதே ராயல் சொசைட்டி, அவரைத் தன் உறுப்பினராகச் சேர்த்துக் கொண்டது. அக்கட்டுரைக்கும் இப்பெருமைக்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

வங்கமொழியிலும் அவர் எழுதினார். 1921இல் வெளிவந்த அவ்யக்தம் என்னும் கட்டுரைத் தொகுதி, விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் எழுதுவோர்க்கு இன்றும் வழிகாட்டி. தமிழில் அதுபோல் எழுதுவோர் பெருகவேண்டும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

இறுதி நாட்களை இன்றைய ஜார்க்கண்டைச் சேர்ந்த கிரிதியில் கழித்தார். 1937 நவம்பர் 23ஆம் நாள், எழுபத்தொன்பது நிறைவதற்கு ஒரு வாரம் முன்பு, அங்கேயே காலமானார். கைம்பெண்களுக்குக் கல்வியும் தொழிலும் கற்பிக்க 1919இல் நாரி சிக்ஷா சமிதியை நிறுவியிருந்த அபலா அம்மையார், கணவரின் மறைவுக்குப் பின்னும் அப்பணியைத் தொடர்ந்து நடத்தி, 1951இல் மறைந்தார். போஸ் ஆராய்ச்சி நிலையம் இன்றும் கல்கத்தாவில் இயங்கி வருகிறது.